இடது காதுக் கம்மல்

மாத்தூர்
8.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

விமல் எழுதுவது. கிழித்துப் போடுவதாக இருந்தால் படித்துவிட்டுக் கிழி.

இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுகிறான் என்று கேட்பாய். என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். மாமா போனுக்குக் கூப்பிட்டேன். "மாமா, நான் விமல்" என்று மட்டும்தான் சொன்னேன். அன்றைக்கென்று பார்த்து நாக்கு தடித்துக் கிடந்தது. "இன்னாடா மச்சான், காலங்காத்தாலயே ஊத்திக்கினியா?" என்று வைத்துவிட்டார். மெசேஜ் அடிக்கலாம் என்றால் கட்டைவிரல் ஒரு எழுத்தைப் பார்த்துப் போய் வேறொன்றின் மேல் விழுகிறது. பேனாவை இறுக்கிப் பிடித்தால் மட்டும் கை கொஞ்சம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. என்னோடு சரக்கு யார்டில் வேலை செய்கிற ஜெஸ்வின் ஞாயிற்றுக்கிழமையானால் அவன் அம்மாவைப் பார்க்கத் திருவொற்றியூர் வருவான். ரூமிலும் என்னோடுதான் இருக்கிறான். மார்க்கெட்டில் உன் மீன் கடைக்கு வந்து இதைக் கொடுப்பான். அவன்மேல் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிவிடாதே, அவன் ஒரு பாவமும் செய்யவில்லை.

சௌமியின் காதுகுத்தில் நடந்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் என் பக்கத்திலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. பாப்பா என் மடியில் உட்கார்ந்திருந்தாள். ஆசாரி வலது காதைக் குத்தி, நான் வாங்கிவந்த கம்மலைப் போட்டார். மேளம் அடித்தது, எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் இடது காதுக்கு வரும்போது பாப்பாவின் தலையைப் பிடித்திருந்த என் வலது கை காணாமல் போய்விட்டது. கை அங்கேதான் இருக்கிறது, கண்ணால் பார்க்கிறேன். ஆனால் அது என்னுடையது என்று தெரியவில்லை. பாப்பா தலையைத் திருப்பிவிட்டாள். ஊசி மடலைக் கீறிவிட்டது. எழுந்தால் கால் இழுக்கிறது. வாயைத் திறந்தால் சொல் கோணலாக வருகிறது.

நான் குடிக்கவில்லை அக்கா. ஒரு சொட்டுகூட இல்லை. எனக்கு என்னமோ ஆகிறது, என்னவென்றுதான் தெரியவில்லை.

பாப்பாவின் காது ஆறிவிட்டதா? அதை மட்டுமாவது ஜெஸ்வினிடம் சொல்லியனுப்பு.

உன் தம்பி
விமல்


திருவொற்றியூர்
16.2.2025

விமலுக்கு,

காது ஆறிவிட்டது. தழும்பு இருக்கிறது.

குடிக்கவில்லையாம். நடுப்பந்தலில் உன் மாமா உன் சட்டையைப் பிடித்து, "குடிச்சிட்டாடா வந்தே?" என்று கேட்டபோது நீ என்ன சொன்னாய்? "ஆமா மாமா, ரெண்டு ரவுண்டு ஏறிப்போச்சு" என்று இளித்தாய். நான் கேட்டேன், என் மாமியார் கேட்டார், என் நாத்தனார் கேட்டாள், வீடியோ எடுத்தவன்கூடக் கேட்டான். அன்றைக்கு அது உண்மை, இன்றைக்கு இது உண்மை. நாளைக்கு எதைச் சொல்லப் போகிறாய்?

அம்மா அப்பா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருந்தது நீ ஒருவன்தான். அதை நீயே பந்தலில் போட்டு மிதித்துவிட்டுப் போனாய். "உன் தம்பி வந்த லட்சணத்தப் பாத்தியா" என்று இன்றைக்கும் எனக்குச் சோற்றோடு சேர்த்துப் போடுகிறார்கள்.

இடது காதுக் கம்மல் உன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. பிள்ளை ஒரு காதில் கம்மலும் ஒரு காதில் தழும்புமாகத் திரிகிறது. அதைக் கொடுத்தனுப்பு. வேறு பேச்சு வேண்டாம்.

குணசுந்தரி


மாத்தூர்
1.3.2025

அன்புள்ள அக்காவுக்கு,

'அக்கா' என்று போடாமல் பேங்க்கில் போடுகிற மாதிரி முழுப் பெயரைப் போட்டிருக்கிறாய். பரவாயில்லை. பதில் எழுதினாயே.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டாய். நீயே யோசித்துப் பார். உன் புகுந்த வீட்டு ஜனம் முழுக்க நிற்கிறது. கை செத்துவிட்டது, கால் இழுக்கிறது என்று அங்கே சொல்ல முடியுமா? நம் குப்பத்தில் ஒருவன் குடித்துவிட்டு விழுந்தால் நாலு பேர் திட்டிக்கொண்டே தூக்கி ஓரமாகப் படுக்க வைப்பார்கள். மறுநாள் மறந்துவிடுவார்கள். அவனுக்கே கை கால் இழுத்துக்கொண்டது என்றால் வலிப்பு என்பார்கள், காத்து கருப்பு என்பார்கள், அந்தக் குடும்பத்து ரத்தத்திலேயே இருக்கிறது என்பார்கள். "மாமனுக்கே இப்டி கீதுன்னா பொண்ணுக்கு இன்னா வருமோ" என்று மூன்று வயசுப் பிள்ளையின் கல்யாணத்துக்கு இப்போதே குறுக்கே படுப்பார்கள். குடிகாரன் என்று சொன்னால் அசிங்கம் என்னோடு போய்விடும் என்று நினைத்தேன். அந்த ஒரு நொடியில் அவ்வளவுதான் அக்கா மூளை வேலை செய்தது. தப்பு என்று பஸ் ஏறும்போதே தெரிந்துவிட்டது.

கார்த்திகை மாதத்திலிருந்தே இது இருக்கிறது. முதலில் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது. பிறகு ஒருநாள் வலது கண்ணில் மட்டும் புகை மூட்டம். மணலி ஆலைப் பக்கத்துக் காற்று என்று நினைத்துக் கண்ணைக் கழுவிக்கொண்டே இருந்தேன், தானாகச் சரியாகிவிட்டது. இங்கே ஒரு டாக்டரிடம் போனேன், வைட்டமின் குறைவு என்று ஊசி போட்டார். இன்னொருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஆட்டத்தில் கழுத்தெலும்பு தேய்ந்திருக்கும் என்று பட்டை கட்டிவிட்டார். பட்டையோடு அவரிடமே மறுபடி போனால், "ஒண்ணுமில்ல தம்பி, டென்ஷன். கல்யாணம் பண்ணிக்கோங்க" என்கிறார். இப்போது பெரிய ஆஸ்பத்திரியில் நரம்புப் பிரிவில் சீட்டு போட்டிருக்கிறேன். அங்கே வரிசையைப் பார்த்தால் இந்த ஊரில் எவனுக்கும் நரம்பு நன்றாக இல்லை போலிருக்கிறது.

யார்டில் கேட்டிலேயே ஊதுகிற மிஷின் வைத்திருக்கிறார்கள். அதில் ஊதிக் காட்டினால்தான் வண்டிச் சாவி. போன வாரம் ஒரு பாலெட்டை இறக்கும்போது கால் பெடலில் நிற்காமல் நழுவி, சரக்கு சரிந்துவிட்டது. சூப்பர்வைசர் ஜெரால்ட் அண்ணன் ஓடிவந்து திரும்பத் திரும்ப ஊதச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சைபர். அவர் முகம் வெளுத்துவிட்டது. "குடிச்சிருந்தா ஒரு வாரம் வூட்டுக்கு அனுப்பிட்டு மறந்துருவேன்டா. இதுக்கு நான் இன்னாடா பண்றது?" என்றார். இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறேன்.

இதில் பெரிய குழப்பம் என்ன தெரியுமா? சில நாள் ஒன்றுமே இருப்பதில்லை. படியில் தாவி ஏறுகிறேன். அன்றைக்கெல்லாம் நானாகத்தான் எதையோ கற்பனை செய்துகொள்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வருகிறது. நீ நம்பாததில் ஆச்சரியமே இல்லை.

கம்மல் பத்திரமாக இருக்கிறது. கொடுத்தனுப்ப மனம் வரவில்லை. அதையும் கொடுத்துவிட்டால் உனக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

விமல்


திருவொற்றியூர்
23.3.2025

தம்பிக்கு,

ஜெஸ்வின் மேல் கோபப்படாதே. நீ தூங்கும்போது உன் வாயை மோந்து பார்க்கச் சொன்னது நான்தான். "அக்கா, பூண்டு நாத்தம் மட்டும்தான்கா வருது" என்று வந்து சொன்னான். அந்தப் பிள்ளைக்கு ஒரு கூறு சங்கரா மீன் கொடுத்தனுப்பினேன். நீயும் சாப்பிட்டிருப்பாய், நன்றி சொல்லவில்லை.

பனைமரத்தடியில் நின்று பால் குடித்தாலும் கள் என்பார்கள். நீ என்னடா என்றால் பாலையும் குடித்துவிட்டு, கள்ளுதான் என்று நீயே கூவியிருக்கிறாய். உன்னை என்ன சொல்லித் திட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் மட்டும் ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே. நான் யார், வீடியோக்காரனா?

பக்கத்துக் கடை சபீஹாவிடம், எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவள் சித்தப்பாவுக்கும் ஒரு பக்கம் இழுத்ததாம், தர்காவில் கயிறு கட்டியதும் நின்றதாம். கயிறு வாங்கித் தந்தாள். இத்துடன் இருக்கிறது. கட்டிக்கொள். ராத்திரி தலைக்கு நல்லெண்ணெய் வை. நண்டு ரசம் வைத்துக் குடி. வைட்டமின் ஊசியையும் விடாதே. எது கேட்கிறதோ கேட்கட்டும்.

நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். ஒரு தடவை படித்தால் உண்மை மாதிரி இருக்கிறது. அடுத்த தடவை படித்தால், இவன் சின்ன வயதிலேயே பரீட்சைக்கு வயிற்றுவலி என்று உருண்டவன்தானே என்று தோன்றுகிறது. அப்போதும் நான்தான் உனக்கு ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன், அப்போதும் ஏமாந்தேன். என்ன செய்வதென்று புரியாமல் கடையில் மலிவான கிழங்கான் மீனுக்குச் சங்கரா விலை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம். சித்திரை பிறந்ததும் தடைக்காலம் வந்துவிடும், போட்டுகளெல்லாம் கரையில் நிற்கும், ஆண்களெல்லாம் வீட்டில் இருப்பார்கள். வைகாசியில் இடது காதைக் குத்திவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். நம் பெரியப்பா மகன் செங்குட்டுவன் மடியில். முறைக்கு அவனும் தாய்மாமன்தான் என்று மாமியார் சொல்கிறார். நான் வாயைத் திறக்கவில்லை. கூடப் பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது பிள்ளையை வேறு மடியில் உட்கார வைத்தால், அவன் இல்லை என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. அதற்கப்புறம் பாப்பா பெரியவளானாலும் சரி, கல்யாணமானாலும் சரி, உன் சீர் இந்த வாசலுக்கு வராது. உனக்குத் தெரியாததில்லை.

அதற்குள் ஒரு டாக்டரிடமாவது இதுதான் என்று ஒரு பெயரை எழுதி வாங்கு. அதைக் கொண்டுபோய் இவர்கள் முன்னால் வைக்கிறேன்.

அக்கா


பெரிய ஆஸ்பத்திரி
26.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. நான் சொல்லச் சொல்ல ஜெஸ்வின் எழுதுகிறான். பத்து நாளாகப் பேனா பிடிக்க முடியவில்லை. நாக்கும் சரியில்லை, ஒரு சொல்லை அவன் இரண்டு மூன்று தடவை கேட்டுத்தான் எழுதுகிறான்.

(அக்கா, நான் ஜெஸ்வின். பத்து நாள் இல்லை, அதற்கு முன்னாலிருந்தே. உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று என் அம்மாமேல் சத்தியம் வாங்கியிருந்தான். இது அவனுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.)

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு குழாய்க்குள் படுக்க வைத்து, காதுக்குள் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம். மூளையில் ஏதோ வெள்ளைப் புள்ளிகள் இருக்கிறதாம். இருக்கிறது, ஆனால் இன்ன நோய் என்று சொல்லப் போதுமான அளவு இல்லையாம். நரம்பில் கரண்ட் வைத்துப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறதாம். ரத்தமும் நன்றாக இருக்கிறதாம். எல்லாம் நன்றாக இருக்கிறது, என்னால்தான் டம்ளரைத் தூக்க முடியவில்லை. அடுத்து முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வார்டில் சேர்த்திருக்கிறார்கள்.

இங்கே நவ்ரீன் என்று ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு. மற்றவர்கள் மாதிரி எடுத்த எடுப்பில் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்கவில்லை. என் கால் விரலை மேலே கீழே ஆட்டி, கண்ணை மூடிக்கொண்டு எந்தப் பக்கம் என்று சொல்லச் சொன்னார். நான் சொன்னதெல்லாம் தப்பு. "எனக்கு இது இன்னான்னு இன்னும் தெரியல விமல். ஆனா நீங்க சொல்றது நெசம்னு தெரியுது" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை மாதத்தில் ஒருவராவது சொன்னார்களே.

அக்கா, நீ பெயர் வாங்கி வரச் சொன்னாய். பெயர் இல்லை. வைகாசிக்குள் கிடைக்கும் என்றும் தோன்றவில்லை. ஜெஸ்வினிடம் கம்மலைக் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொள். செங்குட்டுவன் அண்ணன் மடியிலேயே உட்கார வை. அவருக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது. பாப்பாவின் இன்னொரு காதையும் நான் கீறிவிடக் கூடாது.

விமல்


திருவொற்றியூர்
4.5.2025

தம்பி,

கம்மலை ஜெஸ்வினிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். தாய்மாமன் கொண்டுவர வேண்டியதை மீன் கூடையில் போட்டு அனுப்பினால் நான் வாங்கிக்கொள்ள வேண்டுமா? வெட்கமாக இல்லை?

உன் கடிதம் கைக்கு வந்த அன்று மாலை ஆஸ்பத்திரிக்கு வந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை, உளவு பார்க்க வந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. இவன் சொல்வது எது மெய், எது பொய் என்று என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று வார்டுத் தூணுக்குப் பின்னால் நின்றேன். நீ கட்டிலில் உட்கார்ந்திருந்தாய். ஜெஸ்வின் வெளியே போயிருந்தான், பக்கத்துக் கட்டில் கிழவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் டீ இருந்தது. நீ கையை நீட்டினாய். டம்ளரை விட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலிருந்த வெறும் காற்றைப் பிடித்தாய். பிடித்ததைத் தூக்கி வாய் வரைக்கும் கொண்டுபோனாய். அப்புறம் உன் கையைப் பார்த்தாய். பிறகு இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கி, பாதியை மேலே கொட்டிக்கொண்டு, லுங்கியால் துடைத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தாய்.

யாரும் இல்லாத இடத்தில் எவன்டா நடிப்பான்? எனக்கு அங்கேயே உட்கார்ந்து கத்த வேண்டும் போலிருந்தது. உன் முன்னால் வர முகம் இல்லை, ஓடிவிட்டேன்.

போகிற வழியில் உன் டாக்டரம்மாவைப் பிடித்தேன். "இம்மாம் படிச்சிட்டு தெரிலன்றீங்களே டாக்டர், தெரிஞ்சவங்க யாருனா இருந்தா சொல்லுங்க, அங்க இட்டுகினு போறேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. "அங்க போனாலும் இதையேதான்மா சொல்லுவாங்க. சிலதுக்கு காத்திருந்துதான் பாக்கணும்" என்றார். என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. நோய் இருக்கிறது, ஆனால் இல்லை. புள்ளி இருக்கிறது, ஆனால் போதாது. மீன் என்றால் நல்லது அழுகினது செவுளைத் தூக்கிப் பார்த்துச் சொல்லிவிடுவேன். மண்டைக்குள் இருப்பதை என்ன தூக்கிப் பார்ப்பது?

உன் மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலை கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அன்னிக்கி பஸ் ஸ்டாண்டாண்ட அவன அறைஞ்சேன் குணா. அவன் திருப்பி ஒரு வார்த்த பேசலியே" என்றார். அவர் உன்னை அறைந்தது எனக்கு இதுவரை தெரியாது. நீ எழுதவும் இல்லை. மூன்று கடிதத்தில் எவ்வளவோ அளந்தாய், இதை ஏன்டா எழுதவில்லை?

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் கடிதமும் எழுது. போனில் உன் குழறலைக் கேட்டால் எனக்கு வாய் வராது, வந்தால் திட்டுத்தான் வரும்.

வைகாசிக்கு நீ வருகிறாய்.

அக்கா


மாத்தூர்
17.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன். முதுகில் எடுத்த நீரும் தெளிவாக ஒன்றும் சொல்லவில்லையாம். ஆகஸ்டில் மறுபடி ஸ்கேன் எடுத்து, புள்ளி கூடியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். கூடியிருந்தால் ஒரு பெயர் கிடைக்கும், மருந்து கிடைக்கும். கூடாவிட்டால் பெயர் கிடைக்காது. நான் எதற்கு வேண்டிக்கொள்வது? கூடவேண்டும் என்றா, கூடக் கூடாது என்றா? நீயே சொல். ஸ்டீராய்டு ஏற்றியதில் நாக்கு தேறிவிட்டது, நடையும் பரவாயில்லை. வலது கை மட்டும் மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப்போயே இருக்கிறது. இந்தக் கடிதத்தை இடது கையால் எழுதினேன், அதனால்தான் எழுத்தெல்லாம் கடலில் படகு ஆடுகிற மாதிரி ஆடுகிறது.

மாமா அறைந்ததை எழுதி என்ன ஆகப்போகிறது? என் மகளுக்கு ரத்தம் வந்திருந்தால் நானும்தான் அறைந்திருப்பேன்.

வருகிறாய் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். எனக்கு வர ஆசைதான் அக்கா. ஆசைக்கு என்ன குறைச்சல். ஆனால் பாப்பா என் மடியில் உட்கார்ந்திருக்கும்போது மறுபடியும் கை போய்விட்டால்? ஆசாரி ஊசியோடு நிற்பார், பிள்ளையின் தலை என் கையில் இருக்கும். அந்தக் கை அந்த நேரத்தில் யாருடையதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ராத்திரி இதையே நினைத்துத் தூக்கம் போகிறது. ஊர் என்னைச் செத்தவன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்கு ஒன்றும் ஆகக் கூடாது.

விமல்


திருவொற்றியூர்
25.5.2025

தம்பி,

தாய்மாமன் சடங்குக்கு வேண்டியது மடி. கை என்று எவன் சொன்னான்? நம் ஆட்களில் வயதானவர்களையெல்லாம் கேட்டுவிட்டேன். மடியில் உட்கார வைத்துக் காதுகுத்துவது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தலையைப் பிடிப்பது யாரோ ஒருவர் பிடித்துக்கொள்ளலாம். நீ உட்கார். உன் மடி மரத்துப்போகவில்லையே?

தலையை நான் பிடித்துக்கொள்கிறேன். பெற்றவள் அந்த நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பி நின்று முந்தானையில் முகத்தை மூடிக்கொள்வதுதான் வழக்கம். போன தடவை நானும் அப்படித்தான் நின்றேன். அதனால்தான் உன் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. இந்தத் தடவை திரும்ப மாட்டேன். "பெத்தவ பாக்கக் கூடாதுடி" என்றார் மாமியார். "பாத்தா கண்ணா பூடும்? போனா போவட்டும்" என்றேன்.

உனக்கு என்ன நோய் என்று அவர்களிடம் சொல்லிவிட்டேன். என்ன நோய் என்று தெரியாத நோய் என்று சொன்னேன். நாத்தனார் முகத்தைச் சுளித்தாள். பிள்ளைக்கும் வருமா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, அதனால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று சொல்லிவிட்டேன். பேசுகிறவர்கள் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது விமல். தைரியசாலி மாதிரி எழுதிவிட்டேன், அவ்வளவுதான். ஆகஸ்டில் அவர்கள் என்ன சொல்லப்போகிறார்களோ என்று நினைத்தால் மீனை வெட்டும்போது கை நிற்கிறது. ஆனால் ஆகஸ்டு வரைக்கும் பிள்ளையின் காது காத்திருக்கலாம், நீ எனக்குத் தம்பியாக இருப்பது காத்திருக்காது.

ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கம்மலை மறந்துவிட்டு வந்தால் தொலைத்துவிடுவேன். ஜெஸ்வினையும் கூட்டி வா.

அக்கா


மாத்தூர்
10.6.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று போனில் அவ்வளவு நேரம் பேசினோம், இருந்தாலும் ஒன்றைச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாமா எனக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு முழங்காலையும் என் முதுகுக்கு முட்டுக் கொடுத்தாரே, நீ பார்த்தாயா? "சாஞ்சுக்கோ மச்சான்" என்று மட்டும் சொன்னார். நான் சாய்ந்துகொண்டேன். ஆசாரி என்னைப் பார்த்ததும் தயங்கினார், பாவம். பாப்பா வந்து மடியில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, இந்த வாட்டி நீ வுழுவியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். "தெரிலடா செல்லம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

நீ தலையைப் பிடித்தாய். கண்ணை எடுக்கவே இல்லை. நானும் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தேன், தழும்புக்குக் கொஞ்சம் மேலே ஆசாரி புள்ளி வைத்தார். ஊசி இறங்கியது, பாப்பா வீறிட்டாள், கம்மல் ஏறிவிட்டது. முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போதுதான் உன் மாமியார், "மாமன் கைய வுட மாட்றா பாரு" என்றார்.

குனிந்து பார்த்தேன். என் வலது கை முழங்கால்மேல் கிடந்தது. பாப்பா அதன் இரண்டு விரலைத் தன் முழு பலத்தோடு பிடித்திருந்தாள். நகம் பதிந்து தோல் வெளுத்திருந்தது. எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ, எனக்குத் தெரியவில்லை. அவர் சொல்லித்தான், குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். எல்லோரும் நான் சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்தார்கள். அதுவும்தான்.

ஆகஸ்டில் ஸ்கேனுக்கு நீயும் வா. டாக்டரம்மா உன்னைக் கேட்டார்கள்.

இன்னொன்று அக்கா. இனிமேல் பாப்பா என் வலது கையைப் பிடித்து, நான் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருந்தால், என்னிடம் சொல்லிவிடு.

உன் தம்பி
விமல்